குழாயை மூடு

கிளம்பும்போதே மணி பத்தரை.
ஐந்து மணிக்கு எழுந்து கட்டிய புளியோதரை
எங்களுக்காகக் கூடையில் சலித்துப்போய்க் காத்திருந்தது.
பிள்ளைக்கு ரெண்டு சட்டை போதும் என்றார் சேதுபாண்டி.
நான் ஆறு வைத்தேன்.
உச்சிப்புளி தாண்டுவதற்குள் நான்கு முடிந்தது.

அகரனுக்கு ஒன்றே முக்கால் வயது.
கடலை இன்னும் பார்த்ததில்லை.
ராமநாதபுரம் சீமையில் பிறந்துவிட்டு இது என்ன கூத்து என்று
நாத்தனார் முனீஸ்வரி போனில் கேட்டதிலிருந்து
கட்டாத நகைச்சீட்டுத் தவணைபோல
வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது கடல்.

அரியமான்.
சவுக்குத் தோப்பில் பாயை விரித்து
மூலைக்கொரு செருப்பு வைத்தோம், காற்றுக்கு.
"அங்க பாரு, கடல் பாரு."
அவன் பார்த்தது காக்கையை.
பிறகு யாரோ கடித்துப் போட்ட மாங்கொட்டையை.
பிறகு ஐஸ் வண்டியின் மணியை,
மணிக்குப் பின்னால் அசைந்த ஐஸ்காரரின் தொப்பையை.
அவன் முதுகுக்குப் பின்னால்
ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல்
பொறுமையாக நின்றது தண்ணீர்.

"பொம்பளக் கடல்தான் இந்தப் பக்கம், அலையே இருக்காது"
என்று தூக்கிக்கொண்டு போனார்.
சக்கரத்தை உள்ளிழுக்கும் விமானம்போல்
இரண்டு காலையும் மடக்கிக்கொண்டான்.
சின்னதாக ஒன்று வந்தது,
கணுக்கால் உயரம், நுரைகூட இல்லை.
அவன் இடப்பக்கம் பார்த்தான்.
வலப்பக்கம் பார்த்தான்.
எதையோ தேடினான்.
அப்புறம் அப்பாவிடம் கறாராகச் சொன்னான்:
"கொயா மூடு."

அவருக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது.

பரமக்குடியில் எங்கள் தெருவுக்கு
நான்கு நாளைக்கு ஒருமுறை காவிரி வரும்,
எந்தச் சாமத்திலும் வரும்.
இருபத்தேழு குடம், இரண்டு டிரம்,
மிச்சமிருந்தால் அவனுடைய குளியல் தொட்டி.
அவன் முதன்முதலில் பேசியது
அம்மா இல்லை, அப்பா இல்லை.
குழாயை மூடு.
நான் நாளைக்கு நாற்பது தடவை சொல்வது.

இங்கே யாரோ
இவ்வளவையும் திறந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சேதுபாண்டி நல்ல மனுஷன்.
குனிந்து, ஈர மணலில்
இல்லாத குழாயொன்றைப் பிடித்து
வலப்பக்கமாகத் திருகினார்.
"மூடியாச்சு."
அடுத்த அலை அவர் கைலியை நனைத்தது.
அகரன் அவரைப் பார்த்த பார்வை
பிளம்பர் காளிமுத்துவை நான் பார்க்கும் பார்வை.

பிறகு அவனே இறங்கினான்.
இரண்டு கையாலும் காற்றைத் திருகினான்.
அலை பின்வாங்கியதும் கைதட்டினான்.
திரும்பி வந்ததும் திட்டினான், எந்த மொழியில் என்று தெரியவில்லை.
மதுரைப் பெண்கள் நான்கு பேர் படம் பிடித்தார்கள்.
பாசிமணியும் சங்கும் விற்கும் ஜெபமாலை அக்கா
தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:
"ராசா, நீ மூடிட்டா நாங்க எங்க போய்ப் பொழைக்க?"
ஒரு சோழி கொடுத்தார். காசு வாங்கவில்லை.
சோழியை அவன் வாயில் போட்டுக்கொண்டான்.
அதை எடுப்பதற்குள்
புளியோதரைப் பொட்டலத்தோடு காக்கை பறந்திருந்தது.

பாயின் மூலைக்கு வைத்த
அவனுடைய கீச்சுச் செருப்பில் ஒன்றைக் காணவில்லை.
சவுக்குச் சருகைக் கிளறி அரைமணி நேரம் தேடினோம்.
மற்றதைக் கழற்றவிடாமல்
அப்படியே தூங்கிவிட்டான், தேவிபட்டினம் விலக்கு வருமுன்.

இரவு ஒன்று பத்துக்கு
குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செருமியது.
இருவரும் எழுந்து ஓடினோம்.
காதுக்குள் மணல், தலையணையில் மணல்,
குடத்தின் அடியில்கூட எப்படியோ கொஞ்சம் மணல்.
பதினாறாவது குடம் நிறையும்போது
பின்னால் சத்தம்:
ஒரு காலுக்குக் கீச்,
மறு காலுக்கு ஒன்றுமில்லை,
கீச்,
ஒன்றுமில்லை.

சுவரைப் பிடித்து நின்றான், அரைக்கண் திறந்து.
நான் "மூடு" வரும் என்று காத்திருந்தேன்.
"கதல்" என்றான்.

"ஆமாடா" என்றார் சேதுபாண்டி, நனைந்த கையோடு.
குடம் வழிந்து அவன் விரல்வரை போனது.
இந்தத் தடவை காலை மடக்கவில்லை.

தள்ளு, தள்ளு என்றேன்.
இன்னும் பதினொரு குடம் பாக்கி.