அசையாமல் இருங்கள்

படிவத்தில் பெயர் ஃபெரேத்தி துயிலா.
ராத்திரி இரண்டு மணிக்கு இப்படியொரு பெயர் வந்தால்
நான் என்ன செய்ய, சிரித்துவிட்டேன்.
என் மொழியில் உறங்காதவன் என்று பொருள் என்றேன்.
சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்,
இந்த முட்டி எங்கே உறங்க விடுகிறது என்றான்.

துபாயில் டிசம்பர். எழுவர் ரக்பி நடக்கும் வாரம்.
காலுறையில் புல் ஒட்டியிருந்தது,
மணலில் விதைத்து
லாரித் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்.

உடம்பில் உலோகம் உண்டா?
விரல் விட்டு எண்ணினான்.
காறையெலும்பில் தகடு,
அது பிரான்ஸில் பெயர் வாயில் நுழையாத ஓர் ஊர்.
கணுக்காலில் இரண்டு திருகாணி, ஒசாகா.
தாடையில் ஒன்று.
அதை எந்த ஊர் தந்ததென்று நினைவில்லை,
அந்த நாளே நினைவில்லை.

பச்சை குத்தியிருந்தால் மை சூடாகும், சொல்லவேண்டியது என் கடமை.
இடுப்பிலிருந்து முட்டி வரை
இடைவெளியில்லாமல் கறுப்புக் கோடுகள்.
அப்பாவின் சமோவா, என்றான்,
பன்னிரண்டு நாள் பாயில் கிடந்து வாங்கியது,
உன் இயந்திரம் இதற்கு மேலா சுடப்போகிறது?
அம்மா?
அம்மா பிஜி. அவளுக்குக் கோடு தேவையில்லை,
எதிராளி வலப்பக்கம் பாயும்போது
இடப்பக்கம் காணாமல் போகிறதே, அந்தக் கால் அவளுடையது.

ஒருமுறை சமோவாவின் நீலச் சட்டையில்
அவள் நாட்டை எதிர்த்து ஆடினானாம்.
கடைசி நிமிடம், மாமன் மகனை ஏமாற்றி
கோட்டுக்கு அப்பால் பந்தைப் பதித்தான்.
இரண்டு நாள் அம்மா பேசவில்லை.
மூன்றாம் நாள் பேசினாள்:
பணம் வந்து சேர்ந்தது.

காலைச் சட்டகத்துக்குள் திருப்பி வைத்தபோது
ஐயோ என்றான்.
ஐயோ, அச்சு அசல், மதுரைப் பேருந்தில் கேட்பதுபோல.
எங்கே பிடித்தாய்?
நாடியில், கரும்பு வயல் நடுவே பள்ளிக்கூடம்,
பக்கத்து இருக்கை பொன்சாமி.
பொன்னுசாமி என்று திருத்த வாயெடுத்தேன்,
வேண்டாமென்று விட்டுவிட்டேன்.
நான்கு தலைமுறையாக அவர்களுக்கு அது பொன்சாமி.

வயது முப்பத்து நான்கு.
பகலில் அல் பர்ஷாவில் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தருகிறான்,
விசா கிளப்பின் பெயரில்,
ஒப்பந்தம் மார்ச் வரை.
என்னுடையது ஏப்ரல் வரை என்று சொன்னேன்,
ஏனென்று தெரியவில்லை.

அசையாமல் இருங்கள்.
இருபத்தொரு நிமிடம். அவன் கணக்கில் மூன்று அரையாட்டம்.
இயந்திரம் தகரத்தை உடைக்கிற சத்தம் போட்டது.
நூற்றுப் பதினான்கு கிலோ
கல்லாகக் கிடந்தது.

முட்டிக்குள் வில்நாண் போல ஒன்று
கறுப்பாக, இறுக்கமாகத் தெரியவேண்டும்.
திரையில் வெளுத்திருந்தது,
நனைந்த கயிற்றைப் பிரித்துப்போட்டதுபோல.
அடுத்த படம். அதற்கடுத்த படம்.
தப்பாகப் பார்க்கிறேனோ என்று முதல் படத்துக்குத் திரும்பினேன்.

வெளியே வந்ததும் கேட்டான்:
என்ன தெரிந்தது?
டாக்டர் சொல்வார்.
பதினோரு வருடமாக இந்த இரண்டு சொல்லை
ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லப் பழகியிருக்கிறேன்.
ஆனால் இவன்
இடுப்பு திரும்புவதற்கு முன்பே
எதிராளி போகும் திசையை அறிகிறவன்.
என் கண் எந்தப் பக்கம் போயிற்றோ.

நாளை ஆட்டம் இருக்கிறதே, என்றான் மெதுவாக.
என்ன ஆட்டம் என்று கேட்டிருக்கவேண்டாம்.
சொன்னான்.
அதைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கவும் வேண்டாம்:
காலிறுதி.

விரிப்பை மாற்றினேன். ஒரு புல் இதழ்.
அடுத்தவர் சாரத்திலிருந்து விழுந்தவர்,
ஐம்பத்து மூன்று கிலோ,
உடம்பில் உலோகம் எதுவுமில்லை,
முடித்ததும் டூட்டிக்குப் போகலாமா என்று
படுப்பதற்கு முன்பே கேட்டார்.

கதவு மூடுகையில் பார்த்தேன்.
நடைவழி நாற்காலியில் துயிலா,
கையில் போன்.
சமோவாவில் இப்போது நல்ல வெயில் ஏறியிருக்கும்,
பிஜியிலும்தான்.
எண்ணை அழுத்தவில்லை.
நல்ல காலை மட்டும்
தரையில் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தான்.