ஃபிளானல் பலகையில் இல்லாத படம்

முதுநகர் ஞாயிறு பள்ளியில்
இருபத்தாறு வருஷம் அந்தக் கதையை நான்தான் சொன்னேன்.
பச்சை ஃபிளானல் பலகை. முதுகில்
உப்புத்தாள் ஒட்டிய காகித மனிதர்கள்.
சூம்பின கைக்காரருக்கு மட்டும் இரண்டு படம்:
ஒன்றில் கை காய்ந்த முருங்கைக்காய்,
மற்றதில் நேராக, ஐந்து விரலோடு.
நீட்டு என்று சொல்லிக்கொண்டே
உள்ளங்கையால் மறைத்து
ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பேன்.
பிள்ளைகள் கைதட்டும்.

ஒரு தடவை கிதியோன் என்கிற பொடியன் கேட்டான்:
கை சரியானதால நீட்டினாரா,
நீட்டினதால சரியாச்சா, சார்?
கீழ்ப்படியணும்டா, அவ்வளவுதான் என்றேன்.
அன்றைக்குக் கமர்கட் வேறு குறைவாக இருந்தது.

போன ஆடியில், துறைமுகம் ஸ்டேஷன் கவுண்டரில்,
விருத்தாசலத்துக்கு ஒரு டிக்கெட் கொடுத்துவிட்டு
மீதிச் சில்லறை எண்ணிய கை
எண்ணிக்கையின் நடுவில் நின்றது.
காசு தரையில். வரிசை கத்தியது.
மூளையில் ரத்தம் கட்டியது என்று
பிறகு சொன்னார்கள்.

மஞ்சக்குப்பத்தில் பந்தல், சுகமளிக்கும் கூட்டம்.
மைத்துனன் சாலொமோன் பைக்கில் ஏற்றிப்போனான்.
வந்திருந்த போதகர் நெற்றியில் எண்ணெய் வைத்தார்.
விசுவாசம் இருந்தால் இப்போதே தூக்கு என்றார்.
மைக் என் வாய்க்கு வந்தது.
கை தொங்கியது.
மைக் அடுத்தவரிடம் போனது.
எண்ணெய் மட்டும் கண்வரை வழிந்தது.

பெரியாஸ்பத்திரி. பதினொன்றாம் நம்பர் அறை.
பிசியோதெரபி. பேட்ஜில் தாஹிரா.
கையை நீட்டுங்க என்றாள்.
முடியலம்மா.
தெரியும். நீட்டுங்க.
கோணல் வாயில் எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு அந்தக் கதை தெரியாது.
என் முழங்கைக்கு அடியில் அவள் கை இருந்தது,
முக்கால் மணி நேரம்.
மறுநாளும் அதையே சொன்னாள்.
அதற்கு மறுநாளும்.

கர்த்தரே, ஒன்று சொல்லவா?
மடங்கு என்கிறேன், மடங்கவில்லை.
விரி என்கிறேன், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது.
கெஞ்சினேன். திட்டினேன். ஒரு நாள் சுவரில் அடித்தேன்.
இத்தனை வருஷம் உமக்கு நான் எப்படியோ
அப்படி இருக்கிறது எனக்கு என் கை.
நீர் என்னைச் சுவரில் அடித்ததில்லை.
அல்லது, இதுதானா அது?
தெரியவில்லை. கேட்டுவைக்கிறேன்.

ராத்திரி சிப்காட் வாடை.
ஜன்னல் சாத்த எழுந்தவன்
பீரோ அடித்தட்டில் அந்த ஃபைலைத் தேடினேன்.
இரண்டு படமும் இருந்தன, ஓரம் பூச்சி அரித்து.
மூன்றாவது இல்லை:
இன்னும் சூம்பியே இருக்கிற,
ஆனால் தோளிலிருந்து கிளம்பிவிட்ட கை.
அதை நான் வெட்டவே இல்லை.
அந்த இடத்தில்தான் எப்போதும்
என் உள்ளங்கை மறைத்துக்கொண்டு நின்றது.

கிதியோன் இப்போது குவைத்தில் ஏசி மெக்கானிக்காம்.
நம்பர் வாங்கவேண்டும்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை.
இரண்டு கிண்ணம், இருபது புளியங்கொட்டை,
இதிலிருந்து அதற்கு.
கட்டைவிரல் ஒன்றைத் தள்ளியது.
தள்ளியதா, தானாக உருண்டதா,
சாட்சிக்கு ஆளில்லை.
எப்சிபா அந்தப் பக்கம் திரும்பி
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
கொட்டை கிண்ணத்தைத் தவறவிட்டு
தரையில் விழுந்து
அடுப்படிப் பக்கம் ஓடியது.
எடுக்கக் குனிகிறேன்,
வலது கையை முன்னால் விட்டு.