எட்டாயிரம் கனஅடி

காலை ஆறு மணிக்கு
ஒகேனக்கல்லில் எங்களுக்குச் செய்தி என்பது ஓர் எண்.
பிலிகுண்டுலுவில் இன்று எட்டாயிரம்.
எட்டாயிரம் என்றால் பரிசல் உண்டு.
பரிசல் உண்டென்றால் கூட்டம் உண்டு,
மிளகாய்த்தூளைக் கடனுக்கு எடுக்கலாம்,
மாதேவன் நல்லெண்ணெயைச் சூடாக்கலாம்
பெங்களூரிலிருந்து வரும் முதுகுகளுக்காக.

இருபதாயிரம் என்றால்
போலீஸ் கயிறு கட்டிவிடும்.
பரிசல்களை நிமிர்த்திச் சாய்த்து
அந்த நிழலில் சீட்டாடுவார்கள்.
நான் எண்ணெய்ச்சட்டியைக் கழுவாமலே கவிழ்ப்பேன்.

எங்கிருந்து வந்தவர்கள் நீங்கள் என்று
போன வாரம் ஒருத்தி கேட்டாள், கையில் மைக்.
மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னேன்:
கீழேயிருந்து.
புரியவில்லை அவளுக்கு.

மேட்டூரில் அணை எழும்பியபோது
தண்ணீர் அவசரமில்லாமல் நடந்து வந்து
வாசலில் ஏறியதாம்.
கெம்பையன் என்றொருவர்
வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு
மேலே மேலே வந்தாராம்.
தண்ணீர் நின்ற இடம் தாண்டி
கதவை இறக்கினாராம். அதுதான் ஊர்.

அந்தக் கதவில்தான் மீன் நறுக்குகிறேன்
என்று சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பாள்.
அதைக் கரையான் தின்றது,
மிச்சம் ஒரு மழைநாளில் அடுப்பெரிந்தது.

திலகவதி தரங்கம்பாடிக்காரி.
என் தம்பியை நம்பி வந்து இறங்கிய அன்று
ஆற்றைப் பார்த்துச் சிரித்தாள்.
இது ஒரு கரையா?
உப்பு இல்லை. மீனில் மண் வாசம்.
இப்போது யாராவது கெண்டையைக் குறை சொன்னால்
கரண்டியோடு எழுந்து வருகிறாள்.
ராத்திரி அம்மாவிடம் போனில் பேசுவாள்.
தண்ணி திறந்தாச்சாடி என்று கேட்கும் அந்தக் குரல்,
கடலை வாசலில் வைத்துக்கொண்டு.
இங்கேயிருந்து போயாச்சு, நடுவில் எத்தனை மதகு,
வந்தா வரும் என்பாள் இவள்.

ஆற்றின் நடுவில் மாநிலம் மாறுகிறது.
தம்பி பரிசலைச் சுழற்றும்போதெல்லாம்
பயணிகளின் போன்கள் சிணுங்கும்:
கர்நாடகம் வரவேற்கிறது, தமிழ்நாடு வரவேற்கிறது,
மறுபடி கர்நாடகம்.
குழந்தைகள் இன்னொரு சுற்று கேட்கும்.
அதற்கு ஐம்பது ரூபாய் தனி.

எதற்குத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்?
மீனுக்கு என்று நான் சொல்வேன்.
மாதேவன் ஒப்புக்கொள்வதில்லை.
அருவியடியில் நின்று அழுதால்
பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாதாம்.
வெள்ளைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு
ஒருவர் அரைமணி நேரம் நின்றாராம்.
பிறகு பலகையில் குப்புறப் படுத்தபோது
தோளில் இருந்த முடிச்சு
தானாகவே அவிழ்ந்திருந்ததாம்.
காசு வாங்கினாயா என்றேன்.
வாங்காமல்?

நாளை ஆடிப் பதினெட்டு.
மேலே மழை என்கிறார்கள்.
பன்னிரண்டாயிரம் என்கிறான் ஒருவன்,
முப்பது என்கிறான் டீக்கடைக்காரன்.
கயிறு சுருட்டி வைத்தபடி
போலீஸ் பூத்தில் தயாராக இருக்கிறது.

மணி பதினொன்று.
மிக்ஸி சத்தம் கேட்டு எழுந்து போனேன்.
எண் வரவில்லை இன்னும்.
திலகவதி மூன்று கிலோ மசால் அரைத்துவிட்டாள்.