மினிட்ஸ்

புளியரை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்,
மிஷன் ஆஸ்பத்திரி மாடியில்
குடும்ப மருத்துவப் பயிற்சி நிர்வாகிகள் சங்கம்.
பதினோரு பேர், இரண்டு பிளாஸ்க்,
சாரலுக்குச் சாத்திய ஜன்னல்.

நானும் டாக்டர் மாத்தச்சனும் ஆலோசகர்கள்.
நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
சட்டைப்பையிலேயே கிடந்தது.

டியூட்டிப் பட்டியல்.
லாக்புக்கில் விடுபட்ட கையெழுத்து.
ஆரியங்காவு முகாமுக்குப் போன பயிற்சி மருத்துவனுக்கு
எந்த மாநிலக் கணக்கில் பயணப்படி.
கொல்லம் ரயில் கூவிப் போனது;
ஒருவரும் நிமிரவில்லை.

கடைசியில் மரியபுஷ்பம்தான் என் பக்கம் திரும்பினார்:
"முப்பத்தாறு மணி நேரம் வார்டில் நின்ற பிள்ளைக்கு
மறுநாள் ஓய்வு வேணும்னு
மூணு லெட்டர் போட்டாச்சு, சார்.
நீங்க ஒரு வாட்டி சொல்லிப் பாருங்க."

சொன்னேன்.
அவருடைய வாக்கியம்தான்,
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
"நல்ல யோசனை டாக்டர், இன்னைக்கே செஞ்சிரலாம்"
என்றார் கண்காணிப்பாளர்.
போன் ஸ்பீக்கரில் இருந்தது.

மாத்தச்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
யோசனை என்னுடையதல்ல என்று நான் சொல்வதற்குள்
இணைப்பு போய்விட்டது.

மரியபுஷ்பம் குனிந்து எழுதினார்:
ஆலோசகர் தலையீட்டால் ஓய்வு அனுமதிக்கப்பட்டது.

பேனாவுக்குக் கை நீட்டினேன்.
"அடித்தல் திருத்தல் கூடாது, சார்.
இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போற நோட்டு."

மலைக்கு அந்தப் பக்கம் மழை.
எங்களுக்கு வழக்கம்போல்
அதன் காற்று.