மொறுக்

இன்று புதன்.
நாளை பட்டாணி சூப் என்பது
வானிலை அறிக்கையைவிட உறுதியான செய்தி.
ஃபின்லாந்துப் பட்டாளத்தில்
வியாழன் தவறினாலும் பட்டாணி தவறாது.
சூப்பின் மேல் கடுகு விழுதில் ஒரு கோடு,
பின்னால் அடுப்பில் சுட்ட தடித்த அப்பம், ஸ்ட்ராபெரி ஜாம்.
புகைக்குழலைத் தூக்கிக்கொண்டு வரும் சமையல் வண்டிக்கு
நாங்கள் வைத்த பெயர் சூப் பீரங்கி.
ஆனால் அது நாளை.

இப்போது மைனஸ் இருபத்தாறு.
குஹ்மோ காட்டில் பதுங்கித் தாக்க
ஐந்து பேர் பனியில் குப்புறக் கிடக்கிறோம்.
இந்தப் பாதையில் எதிரி வருவான்.
எதிரி என்றால் இரண்டாம் கம்பெனி,
போன வாரம் கேன்டீனில்
என் மேசையில் உட்கார்ந்து
சர்க்கரை ஒட்டிய விரலோடு டோனட் தின்றவன்.

விடிவதற்குள் ரேஷன் பை கொடுத்துவிட்டார்கள்.
ஒரு பகலும் ஓர் இரவும் தாங்கும் உயிர்
ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்.
வெந்நீர் ஊற்றினால் இறைச்சிக் குழம்பாவேன் என்று
சத்தியம் செய்யும் ஒரு தூள்.
ஹெய்குரா தன் சாக்லேட்டை ஆறு மணிக்கே முடித்தான்.
"செத்துப்போனால் வீணாகிவிடுமே."
தொலோனென் தின்னமாட்டான், மாற்றுவான்:
ஒரு காபிப் பொட்டலத்துக்கு
இரண்டு ஓட்ஸ் கஞ்சி,
மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்குபவனுக்கு
மீன் டப்பா இலவசம்.

என் ஈரல் விழுது ட்யூப் கல்லாகிவிட்டது.
அக்குளில் வைத்து அடைகாக்கிறேன்.
காலையில் குடித்த காபியில் நேற்றைய மக்ரோனி மணத்தது,
நேற்றைய மக்ரோனியில் முந்தாநாள் காபி.
பனியை அள்ளி எவ்வளவு தேய்த்தாலும்
அந்த அலுமினியப் போணி
எதையும் மறப்பதில்லை.

கார்ப்பரல் யுந்துனென் உதட்டில் விரல் வைத்தாள்.
ஒரு மணி நேரம்.
ஒன்றரை.
கால் இருக்கிறதா என்று காலையே கேட்க வேண்டிய நிலை.

ஹெய்குராவின் கை மெல்ல பைக்குள் போயிற்று.
உலகில் எத்தனையோ மெத்து ரொட்டிகள் உண்டு.
அவனிடம் இருந்தது ரை ரொட்டி,
ஓட்டுச் சில்லுக்கு உடன்பிறப்பு.
கடிக்கவில்லை. அதை நான் சாட்சி சொல்வேன்.
நாக்கில் வைத்து, கண்ணை மூடி,
மிட்டாயைப் போல ஊறவைத்தான்.
பொறுத்தான், பாவம்.
பல் பொறுக்கவில்லை.

மொறுக்.

மரத்திலிருந்து ஒரு பறவை கிளம்பியது.
அது உதைத்த பனி என் கழுத்துக்குள் இறங்கியது.
பாதையில் சறுக்கிவந்த கட்டைகள்
சட்டென்று நின்றன.

வெற்றுத் தோட்டாக்கள்தான்,
ஆனாலும் காது அடைத்துப்போயிற்று.
கையில் பட்டை கட்டிய நடுவர் வந்து
எங்களைப் பிணம் பிணமாக எண்ணினார். ஐந்து.
"எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"
பென்சிலை மூச்சால் சூடாக்கிக்கொண்டு கேட்டார்.
யுந்துனென் விறைப்பாக நின்று சொன்னாள்:
"ரொட்டி, ஐயா."
அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

செத்தவர்கள்
அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.
அடுப்பை மூட்டினோம்.
கொன்றவர்களுக்கும் போக மனமில்லை.
டோனட்காரன் கையுறையைக் கழற்றி
தீயில் கையை விரித்தபடி கேட்டான்,
"இன்னும் இருக்கிறதா?"
ஹெய்குரா பொட்டலத்தை நீட்டினான்.
பிறகு எட்டுப் பேர் சேர்ந்து மென்ற ஓசைக்கு
எந்தப் படையும் வழி கேட்காமல் வந்து சேர்ந்திருக்கும்.

யுந்துனென் மட்டும் மெல்லவில்லை.
கையில் ரொட்டியோடு
கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தப் பக்கம் மரங்கள்தான்,
அதற்கப்பால் மரங்கள்,
அதற்கப்பால் எல்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் மெல்வதுகூட நின்றது.

என் ட்யூப் அப்போதுதான் இளகியது.
அவள் ரொட்டியில் ஒரு கோடு இழுத்தேன்.
குனிந்து பார்த்து,
காட்டுக்கே கேட்கும்படி கடித்தாள்.

தொலோனென் இதற்குள்
நாளைய அப்பத்துக்கு
முன்பணம் வசூலிக்க ஆரம்பித்திருந்தான்.