ஐப்பசிக்கு ஐந்து மில்லி

ஐப்பசி பிறந்தால் பிளேடை ஏற்றிவிட வேண்டும்.
சித்திரையில் மூன்றரை மில்லி
இப்போது ஐந்து.
பந்து தயங்குகிறது என்பார்கள் மெம்பர்கள்.
தயங்கட்டும்.
வெயில் சுருங்குகிற மாதத்தில்
இலையாவது கொஞ்சம் மிஞ்சட்டும் புல்லுக்கு.

செக்கானூரணிப் பக்கம் வயலில் கண்டால்
மண்வெட்டியால் கொத்தி
வேர் வானம் பார்க்க வரப்பில் வீசுகிற
அதே அருகுதான்.
பெங்களூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வந்ததால்
இதற்கு ஒரு நம்பர் இருக்கிறது.
ஒச்சம்மாள் குத்துக்காலிட்டு
இதன் நடுவில் முளைத்த கோரையைக்
கிழங்கோடு நெம்புகிறாள்.
"எங்க காட்டுல இவன் களை
இங்க வந்து மாப்பிள்ளையாயிட்டான்."

விடியுமுன் மூங்கில் கழியால்
பனி தட்ட வேண்டும்.
விட்டுவிட்டால் மூன்றாம் நாள்
தோசைக்கல் அகலத்துக்குப் பழுப்பு விழும்.
நாகமலை அப்போது வெறும் இருட்டு.
நான் கழியை வீசிப் போக
வெள்ளைப் புல்லில் ஒரு கரும்பச்சைத் தடம்.
அதில் முதலில் நடப்பது மயில்.
சந்தா கட்டாதது.

பிள்ளைப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர்
வாளிக்கு இரண்டு மூடி.
ஊற்றிவிட்டு நூறு எண்ணினால்
மண் கொப்பளிக்கும்
ஒவ்வொன்றாய் மூச்சு வாங்க ஏறி வரும்.
கொடுக்கு முளைக்காமலே
இரண்டாம் கிரீனை ஒரே இரவில் உழுதவை.
கொக்குகளுக்கு யார் சொன்னார்களோ
அதற்குள் வந்து நிற்கின்றன.

தீபாவளி மறுநாள்
ராக்கெட் குச்சி நாற்பத்தொன்று பொறுக்கினேன்.
மூன்றாம் கிரீனில் எவனோ
சுவரேறிக் குதித்துச் சங்குசக்கரம் விட்டிருக்கிறான்.
சுற்றிய வட்டம் அப்படியே கருகியிருந்தது
திட்டவும் மனமில்லாத அளவுக்கு அழகாக.

தினமும் குழியை மாற்றுகிறவன் நான்.
இன்றைய குழியில் எடுத்த மண்ணுருளையை
நேற்றைய குழியில் இறக்கி
உள்ளங்காலால் ஒரு மிதி.
எட்டு நாளில் தையல் மறையும்.
பத்து லட்ச ரூபாய் கார்களில் வந்தவர்கள்
நேற்று எதைக் குறிவைத்தார்கள் என்பது
என் குதிகாலுக்குத்தான் தெரியும்.

பிறகு அந்த ராத்திரி.
ஒன்பது மணிக்குப் பிடித்தது
தகரக் கொட்டகைக்கு அடியில்
தவசியும் நானும் கத்தித்தான் பேசினோம்.
வடிகாலையெல்லாம் புரட்டாசியிலேயே தூர் வாரியிருந்தோம்.
முள்கம்பியால் குத்திக் குத்தி
கிரீனுக்கெல்லாம் மூச்சுத்துளை போட்டு
எம்-சாண்ட் தூவியிருந்தோம்.
தண்ணீருக்கு எங்கள் கணக்கு தெரியவில்லை.
அதனிடம் பழைய கணக்கு இருந்தது.
ஏழாம் குழி கண்மாயின் உள்வாய்.

விடிந்து பார்த்தால்
கொடிக்கம்பு மட்டும் மேலே.
அதன் உச்சியில் மீன்கொத்தி.

செக்ரட்டரி போனில்:
"ஞாயிற்றுக்கிழமை கோப்பை ஆட்டம், எப்ப வடியும்?"
பம்பை எடுத்துக்கொண்டு தவசி இறங்கினான்
தொடையளவில் நின்று என்னைப் பார்த்தான்
"எங்கிட்டு எறைக்க?"
எங்கே இறைத்தாலும் இங்கேதான் வரும்.

மூன்றாம் நாள் தானாக வடிந்தது.
வண்டல் விரல்கடை கனத்துக்கு.
காயுமுன் கழுவாவிட்டால் புல் மூச்சடைத்துச் சாகும்.
கம்பைப் பிடுங்கிக் குழிக்குள் கைவிட்டேன்
வழுக்கியது.
ஒரு விரால்
நாலே கால் அங்குல அகலத்துக்குள்
உடம்பை வளைத்து வைத்துக்கொண்டு
என் விரலை முட்டியது.

ஒச்சம்மாள் வண்டலை
உரச்சாக்கில் வாரிக்கொண்டிருந்தாள்
அவரைப் பந்தலுக்கு.
"கெடக்கட்டும்யா, குழிய மேட்டுல வெட்டு" என்றாள்.

நான் ஹோஸைத் திறந்தேன்.
பச்சை, திட்டுத் திட்டாக, வரத் தொடங்கியது.