படிக்க மட்டும்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
ஒரே டெஸ்க்டாப், ஒரே நாற்காலி.
பகலில் அவளுடைய விண்டோஸ்.
டர்பன் துறைமுகத்தில் கிரேனை விட்டு
நான் இறங்கி வந்தபின்
என்னுடைய லினக்ஸ்.

அவள் பக்கத்திலிருந்து பார்த்தால்
என் பக்கத்தில் ஒன்றுமே இல்லையாம்.
"ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறதாம்.
"நல்லவேளை, வேண்டாம்னு அழுத்தினேன்"
என்றாள் லோகநாயகி, போன தீபாவளிக்கு.
இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருந்த நாள் அது.

அதனால்தான் நடுவில் ஒரு பார்ட்டிஷன்.
கூடம் என்று அவள் பெயர் வைத்தாள்.
மகனின் பள்ளிக் கட்டணம்,
கோயில் கமிட்டிக் கணக்கு,
மீட்டரில் அடிக்க வேண்டிய இருபது இலக்கம்
எல்லாம் கூடத்தில் கிடக்கும்.

பதினோரு நாளாக அங்கே ஒரு கோப்பு:
"பகல் ஷிஃப்ட் கேட்டீங்களா?"

திறக்கிறது. வாசிக்கிறேன்.
கீழே பதிலை அடித்தால்
சேமிக்க மாட்டேன் என்கிறது.
படிக்க மட்டும்.

அவள் விண்டோஸ் அணைத்தாலும் அணைவதில்லை.
தலையணைக்கு அடியில் சாவியை வைத்துக்கொண்டு
கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறது.
உடைத்துத் திறக்கும் கட்டளை எனக்குத் தெரியும்,
அவள் பாதியில் விட்டது ஏதாவது இருந்தால்
அதோடு போய்விடும்.

இன்று இரண்டரைக்கு லோட் ஷெடிங்.
திரை போயிற்று. மின்விசிறி நின்றது.
பிப்ரவரிப் புழுக்கத்தில் புரண்டவள்
"யாரு?" என்றாள்.

நான்தான்.
கேட்டேன். ஜூன் வரைக்கும் இல்லையாம்.

வெகுநேரம் கழித்து
இருட்டுக்குள்ளிருந்து வந்தது:
"நான் அணைச்சிட்டுத்தானே படுக்கிறேன்?"